பூநாரைக்கு ஒன்பது ஷாட்

பன்னிரண்டு நிமிடச் செய்தித் தொகுப்பில் பூநாரைக் கூட்டம் ஒன்பது தடவை பறந்தது. தலைப்புச் செய்தியில் பறந்தது, இடைவேளைக்கு முன்னால் பறந்தது, முகத்துவாரம் தூர்ந்துபோன செய்தியில் இரண்டு தடவை பறந்தது, டச்சுக் கல்லறைச் செய்தியின் நடுவிலும் எதற்கோ ஒரு தடவை பறந்தது. ‘பழவேற்காட்டுக்குப் படையெடுத்த பூநாரைகள்’ என்று சிவப்புப் பட்டையில் ‘பிரேக்கிங்’ வேறு. ஐப்பசி கார்த்திகை முதல் பங்குனி வரை ஆண்டுதோறும் வந்து போகும் பறவை அது. அதில் பிரேக் ஆவதற்கு ஒன்றுமில்லை.

சென்னையில் ஒரு கல்லூரியின் விஸ்காம் மூன்றாமாண்டுப் பிள்ளைகள் செய்த புல்லட்டின். மதிப்பெண் போட வெளியாள் ஒருவர் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தொலைக்காட்சிச் செய்திப் பிரிவில் காலம் தள்ளியவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. கல்லூரியின் குளிரூட்டிய ஸ்டுடியோவில் உட்கார்ந்து பார்த்து, ‘லைட்டிங் சுமார், எடிட்டிங் பரவாயில்லை’ என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வர மனசில்லை. எடுத்த ஊரிலேயே, படத்தில் இருப்பவர்களோடு உட்கார்ந்து பார்க்கலாமே என்றேன். பஸ் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது என்று துறைப் பேராசிரியர் கேட்டார். நியாயமான கேள்விதான். பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக்கொண்டார்கள்.

சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்தால் எண்ணூர், மீஞ்சூர் தாண்டிப் பொன்னேரி. அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் வலப்பக்கம் கொஞ்ச தூரம் கூடவே வரும். ரயிலில் என் எதிரே உட்கார்ந்திருந்த ஆங்கர் பெண், தான் வாசித்த வரிகளை மறுபடி மனப்பாடமாகச் சொல்லிக் காட்டினாள். ‘என்பது குறிப்பிடத்தக்கது’ என்று முடியும் வாக்கியங்களை மட்டும் விரல்விட்டு எண்ணினேன்; ஒரு கை போதவில்லை. இந்தப் பிள்ளைகள் யாரும் அடியில் எழுத்து ஓடாத செய்தியைப் பார்த்ததே இல்லை. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியதும், ஒருவர் தாளைப் பார்த்து நிதானமாக வாசித்துவிட்டு வணக்கம் சொல்லி எழுந்துபோனதும் இவர்களுக்குத் தாத்தா காலத்துக் கதை. சன் டிவி வந்த 1993-கூட இவர்கள் பிறப்பதற்கு முந்தியது. 2011 ஆகஸ்டில் புதிய தலைமுறை வந்தபோது இவர்கள் ஆரம்பப் பள்ளியில் இருந்திருப்பார்கள். அதற்குப் பிறகான விவாதக் கூச்சலும் சிவப்புப் பட்டையும்தான் இவர்களுக்குச் செய்தி. பார்த்ததைச் செய்கிறார்கள்.

பொன்னேரியிலிருந்து கிழக்கே பழவேற்காட்டுக்குப் பஸ்ஸில் இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தை மாதம். அறுப்புக்கு நிற்கும் வயல்கள் முடிந்து இறால் பண்ணைகள் தொடங்கும் இடத்திலேயே காற்றின் வாசம் மாறிவிடுகிறது. கடைத்தெருவில் இறங்கினால் கருவாடு, பனையோலைப் பெட்டி, பெரிய பள்ளிவாசலின் பாங்கு எல்லாம் ஒரே சமயத்தில் வந்து சேர்கின்றன.

முதலில் கல்லறைக்குப் போனோம். வாசல் தூண்களில் இரண்டு எலும்புக்கூடுகள் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கும் பதினேழாம் நூற்றாண்டு டச்சுக் கல்லறை. சாவை மறக்காதே என்று சொல்லும் அந்தக் கால ஐரோப்பிய வழக்கம் அது. நம் பிள்ளைகள் அதற்குப் பேய்ப்பட இசை போட்டிருந்தார்கள். கேமராவை ஆட்டி ஆட்டி எலும்புக்கூட்டின் கண் குழிக்குள் ‘ஜூம்’ போனார்கள். ‘திகிலூட்டும் டச்சுக் கல்லறை’ என்று தலைப்பு.

திகில் அந்தக் கல்லில் இல்லை. 1613-இல் டச்சுக் கிழக்கிந்திய கம்பெனி இங்கே ஹெல்டிரியா கோட்டையைக் கட்டியது. சோழமண்டலக் கரை முழுவதுக்கும் அதுதான் தலைமையிடம். 1690 வாக்கில் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை இங்கிருந்துதான் துணி போனது. தென்கிழக்காசியச் சந்தையில் இந்த ஊர்க் கட்டம்போட்ட துணிக்கு இருந்த மவுசுதான் பாளையகாட் கைலி என்று இன்றும் நம் இடுப்பில் நிற்கிறது. துணி போன அதே துறையில் மனிதர்களும் போனார்கள். பஞ்சத்திலும் போரிலும் சிக்கிய ஆயிரக்கணக்கானவர்களை அடிமைகளாக வாங்கி பாட்டாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலேற்றினார்கள். கண் குழிக்குள் ஜூம் போன புல்லட்டினில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. கேட்டதற்கு, “கூகுள்ல முதல் பக்கத்துல அது வரல சார்” என்றான் ஸ்கிரிப்ட் எழுதிய பையன். கல்லறையைப் பயமுறுத்தும் இடமாகக் காட்டிவிட்டு, உண்மையில் பயப்பட வேண்டிய சங்கதியை விட்டுவிட்டார்கள். இந்தச் செய்திக்கு மதிப்பெண் போடும் இடத்தில் நான் ஒன்றுமே எழுதவில்லை.

கோட்டைக்குப்பத்தில் வலை பின்னும் கூடம் ஒன்றில் திரையிடல். திரை என்றால் மடிக்கணினி, அதோடு ஒரு புளூடூத் ஸ்பீக்கர். வெளிச்சத்தில் படம் தெரியாமல் போக, ஒரு அக்கா வீட்டிலிருந்து போர்வை கொண்டுவந்து பின்னால் கட்டினார். இருபது முப்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். தங்கள் ஊர் முகத்தைத் திரையில் பார்த்ததும் சிரிப்பும் விசிலும்.

சிரிப்பு நின்ற இடம் மூன்றாவது செய்தி. வலைகள் குவிந்து கிடக்கும் கரை. படகுகள் கட்டிக் கிடக்கின்றன. நான்கைந்து பேர் வேப்பமர நிழலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். பின்னணிக் குரல் தழுதழுக்கிறது: மீன்வளம் குறைந்ததால் தொழிலின்றித் தவிக்கும் மீனவர்கள், சோகத்தில் மூழ்கிய குப்பம். திரையில் நிழலில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் இங்கேயும் உட்கார்ந்திருந்தார். நரைத்த தலை, தோளில் துண்டு.

“இன்னா தம்பி இது? யாரு தவிக்கிறா?”

“நீங்க சும்மா உக்காந்திருந்தீங்களே, தாத்தா...”

“அன்னிக்கு எங்க முறை இல்லப்பா. பாடு வேற ஊருக்கு.”

பாடு என்றால் என்னவென்று பிள்ளைகள் விழித்தார்கள். பழவேற்காட்டு ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்பதற்கு இங்கே தலைமுறை தலைமுறையாக ஒரு முறை உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம் என்று ஊர்கள் மாறி மாறி; ஊருக்குள் தலைக்கட்டு வாரியாகச் சீட்டுப் போட்டு. இறால் நன்றாக ஓடும் இடம் ஒருவருக்கே நிரந்தரமாகப் போய்விடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. ஆய்வாளர்கள் வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். முறை இல்லாத நாளில் மீனவர் வலையைப் பழுதுபார்ப்பார், நிழலில் உட்காருவார், பேசுவார். அந்தச் சாவகாசத்தைத்தான் கேமரா சோகமாக மொழிபெயர்த்துவிட்டது.

புல்லட்டினின் ஆகப் பெரிய பிழை இதுதான். படம் பொய் சொல்லவில்லை, உட்கார்ந்திருந்தது உண்மை. ஸ்கிரிப்ட் சென்னையிலேயே எழுதப்பட்டுவிட்டது. அதற்குப் படம் தேடிக்கொண்டு இவர்கள் பழவேற்காட்டுக்கு வந்தார்கள். மீன் குறைந்திருப்பதும் உண்மைதான், அதைப் பெரியவர் மறுக்கவில்லை. “கொறஞ்சிருக்கு, யாரு இல்லன்னா? ஆனா அதுக்கு இது படம் இல்ல” என்றார். பெரிய சேனல்களில் எத்தனை எடிட்டர்களுக்கு இந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது!

மீன் ஏன் குறைந்தது என்பதற்கு அவரிடம் பதில் இருந்தது. குந்தி உட்கார்ந்து மணலை இரண்டு கையாலும் கூட்டி, நடுவில் விரலால் ஒரு வாய்க்கால் கீறினார். இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் ஏரி. இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு இந்த வாய் வழியாக ஏரிக்குள் வந்து வளரும். வளர்ந்ததும் இதே வழியில் கடலுக்குத் திரும்பும். மழைக்காலத்தில் ஆரணி ஆற்று வெள்ளம் உள்ளேயிருந்து தள்ளும், வாய் திறந்திருக்கும். வெயில் ஏற ஏறக் கடல் மணலைக் கொண்டுவந்து போடும். இடக்கையால் மணலை நகர்த்தி வாய்க்காலை மூடிக் காட்டினார். “சித்திரையில வாங்க, சில வருசம் நடந்தே அந்தாண்ட போலாம்.” பிறகு குஞ்சு எப்படி வரும்? தெற்கே கடலுக்குள் கல் கொட்டித் துறைமுகங்கள் கட்டிய பிறகு மணல் நடமாட்டமே மாறிவிட்டது என்றும் சொன்னார். கரையோரமாக மணல் ஆண்டில் சில மாதம் வடக்கேயும் சில மாதம் தெற்கேயும் நகரும், கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம், நடுவில் கல் சுவர் வைத்தால் ஓரிடத்தில் சேரும், இன்னோரிடத்தில் அரிக்கும் என்று கடலோரப் பொறியாளர்கள் வரைபடம் போட்டுச் சொல்வதைத்தான் அவர் கையால் செய்துகாட்டினார்.

கேமரா பிடித்த பையன் மெதுவாக என் பக்கம் வந்தான். “சார், இதை அன்னைக்கும் செஞ்சு காட்டினார். எங்ககிட்ட ஷாட் இருக்கு.”

“எங்கே?”

“போடல. காத்து சத்தம் ஜாஸ்தி. அப்புறம்... டிராமா இல்லன்னு விட்டுட்டோம்.”

அங்கேயே மடிக்கணினியில் கச்சாப் பதிவைத் திறக்கச் சொன்னேன். முக்கால் நிமிடம். மைக்குக்குப் பஞ்சு உறைகூடப் போடாமல் எடுத்ததால் காற்று இரைகிறது, பேச்சு பாதிதான் புரிகிறது. ஆனால் பேச்சே தேவையில்லை. இரண்டு கை, ஈர மணல், மூடிக்கொள்ளும் ஒரு வாய்க்கால். பிரச்சினை முழுவதும் அதில் இருக்கிறது. அதைத் தூக்கிவிட்டு, இரண்டு பூநாரை ஷாட்டும், கல்லூரி ஆசிரியர் ஒருவர் புத்தக அலமாரி முன்னால் உட்கார்ந்து சொன்ன பைட்டும், ‘முகத்துவாரத்தைத் தூர்வார மீனவர்கள் கோரிக்கை’ என்ற வாக்கியமும் போட்டிருந்தார்கள். நம் செய்திகளில் எல்லாப் பிரச்சினையும் கோரிக்கையில் போய் முடிந்துவிடும். ஏன் தூர்ந்தது என்று கேட்காமல் தூர்வாரு என்று மட்டும் சொல்வதற்கு நிருபர் எதற்கு, மனு எழுதுபவரே போதும்.

ஆஸ்டன் பட்டையைப் பாருங்கள் என்றேன். திரையில் பேசுபவரின் பெயர் வருமே, அந்தப் பட்டை. ஆசிரியருக்குப் பெயர், பட்டம், துறை எல்லாம் இரண்டு வரியில் இருந்தது. ஏலக்கூடத்தில் நண்டு விற்கும் அம்மாவுக்கு ‘மீனவப் பெண்’. பெரியவருக்கு ‘மீனவர்’. அந்த அம்மாவும் வந்திருந்தார். அவருடைய கோபம் பெயர் பற்றியது அல்ல. “ரொம்ப நேரம் பேச வெச்சீங்களே, மூஞ்சிதான் வருது, பேச்ச எங்க காணோம்?” உண்மைதான். அவர் கண்ணைத் துடைக்கும் ஆறு வினாடியை மட்டும் எடுத்து, மேலே மாணவியின் குரலைப் போட்டிருந்தார்கள். கண்ணில் விழுந்தது உப்புத் தூசு என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். கூடமே சிரித்தது. ஆங்கர் பெண்ணுக்குத்தான் முகம் சுண்டிவிட்டது. நல்ல பெண், தேறிவிடுவாள்.

காட்டுப்பள்ளிச் செய்திக்கு வந்தபோது ஓர் இளைஞர் எழுந்தார். ‘காட்டுப்பள்ளியில் துறைமுகம் வரவிருப்பதாக’ என்று வாசித்திருந்தார்கள். “துறைமுகம் வந்து பத்து வருசத்துக்கு மேல ஆச்சும்மா. நீங்க சொல்றது விரிவாக்கம்.” எல் அண்ட் டி கட்டியது, 2018-இல் அதானி வாங்கியது. 330 ஏக்கரில் இருப்பதை 6,110 ஏக்கராக்கும் 53,000 கோடி ரூபாய்த் திட்டம்தான் தகராறு. 2021 ஜனவரி 22-இல் வைத்த கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது, 2023 செப்டம்பரில் வைத்ததும் நடக்கவில்லை. ‘துறைமுகம் வருகிறது’ என்றால் கேட்பவன் வளர்ச்சி வருகிறது என்று நினைத்துக்கொள்வான். ‘330 ஏக்கர் 6,110 ஆகிறது’ என்றால் மீதி 5,780 ஏக்கர் எங்கிருந்து என்று கேட்பான். எண்ணைச் சொல்லியிருந்தாலே போதும், சோக இசை தேவைப்பட்டிருக்காது. அந்த இளைஞர் எண்களை எந்தத் தாளையும் பார்க்காமல் சொன்னார்.

ஸ்ரீஹரிகோட்டா பற்றியும் நாற்பது வினாடி இருந்தது. ராக்கெட் கிளம்பும் பழைய காட்சி, நெஞ்சை நிமிர்த்தும் இசை. ஏரிக்கு அந்தப்புறம் தெரியும் தீவுதான் அது. அங்கே ராக்கெட் ஏவும் நாளில் இந்தக் கரையில் யாரும் கடலுக்குப் போகக் கூடாதென்று அறிவிப்பு வரும். “எங்களுக்கு அன்னிக்கு லீவு, சம்பளம் இல்லாத லீவு” என்றார் ஒருவர், பெருமையாகவா குறையாகவா என்று பிரித்துச் சொல்ல முடியாத தொனியில். ராக்கெட் மேலே போவதைப் பார்க்கப் பிள்ளைகளை மாடிக்குக் கூட்டிப்போவதும் அவர்தானாம். இரண்டும் சேர்ந்ததுதான் இந்தக் கரையின் ராக்கெட் செய்தி. அதை இங்கே நின்று மட்டும்தான் எடுக்க முடியும்.

திரையில் ஒரு மாணவன் ஓடும் படகில் எழுந்து நின்று, மைக்கைப் பிடித்துக்கொண்டு, கேமராவைப் பார்த்துப் பேசினான். உயிர்காப்பு உடை இல்லை. கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாளில் இந்த ஏரியில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. உடல்களைத் தேடி எடுத்தவர்கள் இந்தக் குப்பத்துக்காரர்கள். பெரியவர் அந்தப் பையனைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தோளில் கைவைத்து, “இனிமே நிக்காத” என்று மட்டும் சொன்னார். நான் எழுதி வைத்திருந்த பாதுகாப்புப் பிரசங்கத்தை மடித்துவைத்துக்கொண்டேன்.

நல்லதையும் சொல்ல வேண்டும். விடியற்காலை ஏலக்கூடத்தில் எடுத்த இரண்டு நிமிடம் அருமை. பின்னணிக் குரல் இல்லை, இசை இல்லை. மடவையும் பச்சை நண்டும் கூடையிலிருந்து சரிகின்றன, விலை ஏறுகிறது, ஒரு கை நண்டின் காலை நார் போட்டுக் கட்டுகிறது. கேட்டால், வாய்ஸ் ஓவர் பதிவு செய்ய நேரம் போதாமல் அப்படியே விட்டுவிட்டார்களாம். நேரம் போதாததும் சில சமயம் நல்லதுதான். பிபிசி 2007 முதல் பத்தாண்டுக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளைச் செய்தி தயாரிக்க வைத்தது. பிற்பகல் இரண்டு மணிக்குள் முடித்தாக வேண்டும் என்பது அங்கே கெடு. நம் பிள்ளைகள் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு பருவம் முழுவதும் எடுத்துக்கொண்டார்கள். கிராபிக்ஸுக்கே பாதி போயிருக்கும்.

மாலையில் பாலம் தாண்டி லைட்ஹவுஸ்குப்பம் பக்கம் போனோம். இடுப்பளவுத் தண்ணீரில் இருளர் பெண்கள் நான்கு பேர் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டு கையும் சேற்றுக்குள். ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். கையில் அகப்படும் இறாலை நிமிராமலே அதில் போடுகிறார்கள். வலை இல்லை, படகு இல்லை, பாடு முறையிலும் இவர்களுக்குப் பங்கு இல்லை. முறை வைத்துப் பகிரும் அந்த அழகான ஏற்பாடு, அந்தந்த ஊர்ப் பட்டினவர் சாதித் தலைக்கட்டுகளுக்குத்தான். மற்றவர்களுக்கு அது வேலிதான். பன்னிரண்டு நிமிடத்தில் இவர்கள் எங்கேயும் இல்லையே என்றேன்.

கேமரா பையன் தயங்கினான். “இருந்தாங்க சார். பூநாரை வைட் ஷாட்ல ஓரத்துல வந்தாங்க. டிஸ்டர்ப் ஆகுதுன்னு கிராப் பண்ணிட்டோம்.”

அவனைத் திட்டவில்லை. தெரியாது என்று மழுப்பாமல் சொன்னான். நம் சேனல்களில் எத்தனை பேருக்குத் தாங்கள் எதைக் கிராப் செய்கிறோம் என்பது ஞாபகத்திலாவது இருக்கிறது?

மறு எடிட்டிங்கில் புல்லட்டின் ஒன்பது நிமிடமாகிவிட்டது. பிரேக்கிங் பட்டை போயிற்று. மணல் வாய்க்கால் முகத்துவாரச் செய்திக்கு முதல் ஷாட். பேச்சு புரியாத இடத்தில் எழுத்து ஓடுகிறது. நண்டு விற்கும் அம்மா நாற்பது வினாடி பேசுகிறார், அவரிடம் கேட்டே பெயரும் போட்டிருக்கிறார்கள். வைட் ஷாட்டில் இருளர் பெண்கள் திரும்பி வந்துவிட்டார்கள். அவர்களைப் பற்றித் தனியாக ஒரு செய்தி செய்ய இந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் தெரியவில்லை, அதற்கு இன்னொரு தடவை போக வேண்டும். கல்லறைச் செய்தியில் இசை நின்றுவிட்டது, அடிமைக் கப்பல் பற்றி மூன்று வரி வந்திருக்கிறது. பூநாரை ஒரே ஒரு தடவை.

படப்பிடிப்புக்கு ஏழு, ஒலிக்கு நான்கு, எழுத்துக்கு ஐந்து, ஏலக்கூடத்துக்காக மட்டும் தனியாக இரண்டு என்று போட்டுக் கொடுத்தேன். விஸ்காம், இதழியல் துறை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: படப்பிடிப்புக்குப் போகும் செலவை எழுதும் அதே தாளில், எடுத்ததைக் கொண்டுபோய் அந்த ஊரில் போட்டுக் காட்டும் நாளுக்கான பஸ் செலவையும் எழுதிவிடுங்கள். பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்கு அது ஒன்றும் பெரிய தொகை இல்லை.